சிவப்பு ஒயினுக்கு எந்தக் கறி பொருந்தும்?

(நமது தங்கவயல் நிருபர்)

தங்கவயலில் மது என்றாலே பெண்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. சம்பள நாளன்று சாராயக் கடையில் கரைந்த சுரங்கக் கூலி கொஞ்சமா? 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 2007 ஜூலையில் கர்நாடகத்தில் சாராயமும் தடை செய்யப்பட்டது. ஆனாலும் வடு ஆறவில்லை.

இதே ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமசுக்காக நீலத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை சேர்த்து, ஜாடியில் ஊற வைப்பார்கள். வந்தவர்களுக்குக் கேக்குடன் சின்னஞ்சிறு கிளாசில் தருவார்கள். அது போதைக்கு அல்ல, விருந்துக்கு.

இப்போது, ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்குப் பிரெஞ்சு பாணி சிவப்பு ஒயின் வாங்கி வருகிறார்கள். வீட்டு ஒயின் போல இனிக்கும் என்று நினைத்து வாயில் வைத்தவர்கள், "என்னப்பா, இப்படித் துவர்க்கிறது?" என்கிறார்கள். துவர்ப்பது குற்றம் அல்ல. அதற்கேற்ற கறி இலையில் இல்லை என்பதே விஷயம்.

கலப்பது ஏன்?

பிரான்சில் போர்தோ என்ற பகுதி சிவப்பு ஒயினுக்குப் பேர் போனது. அங்கே கேபர்னே சாவின்யோன், மெர்லோ என்ற திராட்சை ரகங்களைக் கலந்து ஒயின் செய்கிறார்கள். மெர்லோ முந்திப் பழுக்கும், கேபர்னே பிந்திப் பழுக்கும். மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றது கை கொடுக்கும். சுவையிலும் அப்படியே. தடித்த தோலுள்ள கேபர்னே துவர்ப்பையும் உறுதியையும் தரும்; மெர்லோ மென்மையைத் தரும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போல!

நமக்குப் பக்கத்திலும் பிரெஞ்சு ரகங்கள் விளைகின்றன. நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் தொடங்கப்பட்ட குரோவர் தோட்டத்தின் 'லா ரிசர்வ்', கேபர்னேயும் ஷிராசும் கலந்தது. போர்தோ நிபுணர் மிஷேல் ரோலான் அதற்கு ஆலோசனை கூறியவர். ஷிராசும் பிரான்சின் ரோன் நதிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரகமே.

சுவைக்கும் முறை

கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து நிறம் பாருங்கள். இளம் ஒயின் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். வயதானது செங்கல் நிறம் காட்டும். மெல்லச் சுழற்றி முகர்ந்தால் கரும்பழ வாசமும், ஓக் மரப் பீப்பாயில் இருந்ததானால் மர வாசமும் வரும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கில் நிறுத்தி விழுங்க வேண்டும்.

நாவற்பழம் தின்றதைப் போல நாக்கு வறளும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருளின் வேலை அது. கொழுப்புள்ள இறைச்சியை மென்றபடி குடித்தால் அந்தத் துவர்ப்பு அடங்கும்.

நம் கோடையில் பாட்டிலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுப்பது நல்லது. 16 முதல் 18 டிகிரிக் குளிர்ச்சி போதும்.

எது பொருந்தும்?

மிளகு தூவிய மட்டன் சாப்ஸ், தேங்காய் அரைத்த வெள்ளைக் குருமா, உருளைக்கிழங்குடன் வறுத்த ஆட்டிறைச்சி ஆகியவை நல்ல ஜோடி. மஞ்சள் சோறும் கோளா உருண்டைக் குழம்பும் பொருந்தும், மிளகாயைக் குறைத்தால்! சைவர்களுக்குக் காளான் வறுவல்.

காரம் மிகுந்த குழம்பு வேண்டாம். ஒயினில் உள்ள ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். புளி தூக்கலாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மீனும் சேராது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனின் கவிச்சியைத் தூக்கிக் காட்டும்.

விந்தாலு என்ற பெயரே ஒயினையும் பூண்டையும் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் நம் ஊர் விந்தாலுவின் வினிகரும் மிளகாயும் சிவப்பு ஒயினுக்கு ஆகாதவை!

அளவு முக்கியம்

விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், இந்த ஒயினில் சுமார் 13, 14 சதவீதம். அதற்காக இது மருந்து ஆகிவிடாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம்.

குடிப்பவர்கள் சாப்பாட்டோடு ஒரு கிளாசில் நிறுத்தலாம். மீதியை இறுக மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. சாராயக் கடையில் மீதி வைத்துவிட்டு எழுந்தவர் யார்? பாட்டிலில் மீதி வைக்கத் தெரிந்தவருக்கே ஒயினின் சுவை தெரியும்.