ஓட்டுக் கூரையைக் கழுவலாமா?

ஒரகடத்துக்கு அருகிலுள்ள வல்லக்கோட்டை, முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இப்பகுதியின் ஊர்த் தெருக்களில் பழைய ஓட்டு வீடுகளை இன்றும் காணலாம். புரட்டாசி பிறந்ததும் அவ்வீட்டுக்காரர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். ஐப்பசி அடைமழைக்குள் அதைச் சீர்செய்தாக வேண்டுமே!

மோட்டார் சைக்கிளுக்கு ‘வாட்டர் சர்வீஸ்’ செய்யும் கடையைப் பார்த்திருப்பீர்கள். பீய்ச்சி அடிக்கும் நீரில் சேறு நொடியில் போய்விடுகிறது. பாசி பிடித்துக் கறுத்த ஓடுகளையும் அப்படியே கழுவினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10 லிட்டர் நீர். 40 சதுர மீட்டர் தரையை மூடும் கூரை அன்று 40 × 490 = 19,600 லிட்டர் நீரை வெளியே இறக்கியிருக்க வேண்டும்!

இவ்வளவு நீரைக் கூரை எப்படிச் சமாளிக்கிறது? அது தண்ணீர்த் தொட்டிபோல் இடைவெளியின்றி மூடப்பட்டதன்று. மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் தலைமேல் படிந்திருக்கிறது. நீர் ஓட்டுக்கு ஓடு இறங்கி, தாழ்வாரத்தில் சொட்டிவிடுகிறது. குயவர் சக்கரத்தில் வனைந்த குழாயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் கிடைப்பது நாட்டு ஓடு. தட்டையான மங்களூர் ஓட்டில் நீர் ஓட வாய்க்கால்கள் இருக்கும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து அது பரவியது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: நீர் தேங்கக் கூடாது.

வேப்பிலைச் சருகு வாய்க்காலை அடைத்தால் என்ன ஆகும்? நீர் அணை கட்டியதுபோல் தேங்கி, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் நுண்புழை ஏற்றத்தால் மேலேறும். பின்பு வீட்டுக்குள் இறங்கும். ஓடு உடையாமலே கூரை ஒழுகுவதற்கு இது ஒரு காரணம்.

இனி பாசியைப் பார்ப்போம். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பானை நீரைக் குளிர்விப்பவை இவையே. உதிரியாக உள்ள ஓர் ஓட்டை நன்கு உலர்த்தி எடை பாருங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் எடை பாருங்கள். 2,500 கிராம் ஓடு 2,900 கிராம் ஆனதாக வைத்துக்கொண்டால், அது குடித்த நீர் 400 கிராம். அதாவது 16 விழுக்காடு. அத்தகைய 600 ஓடுகள் ஊறினால் கைமரங்களின் மேல் 240 கிலோ கூடுதல் சுமை!

வேகமாகப் பாயும் நீரும் கம்பித் தூரிகையும் ஓட்டின் வழவழப்பான மேற்பரப்பைத் தேய்த்துவிடும். சொரசொரப்பான பரப்பில் ஈரம் அதிக நேரம் தங்கும். அடுத்த மழைக்குப் பாசி முன்னிலும் செழிக்கும். அது மட்டுமா? கீழிருந்து மேலாகப் பீய்ச்சினால் நீர் நேரே இடுக்குக்குள் புகும். அமிலம் ஊற்றினால் முகட்டிலுள்ள சுண்ணாம்புக் காரை கரையும்.

சரியான முறை எளியது. வெயில் அடிக்கும் நாளில், மென்மையான துடைப்பத்தால் மேலிருந்து கீழாகச் சருகைத் தள்ள வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் குப்பை மிகுதியாகச் சேரும். திட்டாக வளர்ந்த பாசியைச் சிறிது நனைத்து, மூங்கில் சிம்பால் மெல்லப் பெயர்க்கலாம். ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் சாம்பல் நிற வட்டங்கள் லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்கள். சமையலுக்கு உதவும் கல்பாசியும் இவ்வினமே. நீரோட்டத்தைத் தடுக்காதவரை அவற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. கறுப்பு நிறம் குறையன்று, அடைப்புதான் குறை.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நண்பகலில் கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நில்லுங்கள். தரையில் வட்டமான ஒளிப்பொட்டுகள் தெரிகின்றனவா? துளை கோணலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகத் தோன்றுவது ஏன்? அது துளையின் வடிவமன்று, சூரியனின் பிம்பம்! ஊசித்துளைக் காமிராவின் தத்துவமே இது. பொட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் ஒளி புகும் ஓட்டைக் குறித்து வையுங்கள். மழையில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் பழுது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீர் கைமரத்தின் வழியே வழிந்து வந்து சொட்டலாம். எனவே சரிவில் மேல்நோக்கித் தேடுங்கள்.

உடைந்த ஓட்டைச் சிமெண்டால் ஒட்டுவதைவிட மாற்றுவதே நல்லது. அதற்காகத்தான் பெரியவர்கள் கொல்லைப்புறத்தில் பத்துப் பன்னிரண்டு பழைய ஓடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். ஓட்டின்மேல் நீங்கள் ஏறக் கூடாது. ஓடு மழையைத் தாங்கும். மனிதரின் எடையைத் தாங்காது. பாசி படிந்த ஓடு வழுக்கவும் செய்யும். பழகிய ஓட்டு வேலைக்காரர், எடை பல ஓடுகளில் பரவுமாறு பலகை போட்டு, மின்கம்பிக்கு விலகியே வேலை செய்வார். நீங்கள் குறித்து வைத்த ஓடுகளை அவருக்குக் காட்டுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும். ஐப்பசி மழையில் நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்.