செங்கொடியும் பச்சைத் தேயிலையும்

பொதுவுடைமை என்றவுடன் இத்தலார், எமரால்டு பக்கம் வாழும் நமக்கு நினைவுக்கு வருவது மலைக்கு அப்பாலுள்ள கேரளம்தான். 1957ஆம் ஆண்டு இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அங்கே தேர்தல் வழியாகவே ஒரு பொதுவுடைமை அரசு அமைந்தது. அதன் கல்விச் சட்டத்தை எதிர்த்து நம் திருச்சபையும் மற்றவர்களும் போராடினர். 1959 ஜூலை 31 அன்று நடுவண் அரசு அதைக் கலைத்தது. இது பலமுறை கேட்ட கதை. நம் தேயிலைக்கும் பொதுவுடைமைக்கும் இருந்த உறவைப் பற்றித்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தக் கொள்கை தொழிலாளரிடம் ஏன் பரவியது என்பதை முதலில் பார்ப்போம். தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் லயத்து வீடும் ஒரே கையிலிருந்து வந்தன. வேலை போனால் வீடும் போகும். இலங்கையில் முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போராட்டத்துக்குத் துணைநின்றவர்கள் இடதுசாரிகள். பின்னர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களில் பலர் நம் நீலகிரிக்கே வந்து, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். இத்தகைய மக்களிடம் செங்கொடி ஏந்தியவர் முதலில் பேசியது மார்க்சின் தத்துவத்தை அல்ல, கூலியை.

கூலியைப் பற்றித் திருச்சபை பேசவில்லையா? பேசியது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடலில், தனியுடைமையை ஒழிக்கும் சமதர்மத்தை மறுத்தார். அதே மடலில் நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டென்று சொன்னார். 1937இல் 11ஆம் பயஸ் கடவுளை மறுக்கும் பொதுவுடைமையைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டனத்தை நாம் நன்றாக மனப்பாடம் செய்தோம். கூலி பற்றிய பக்கங்களை அதே அக்கறையோடு படித்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தலார் போன்ற ஊர்களின் நிலை வேறு. இங்கே பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஓர் ஏக்கரானாலும் சொந்தமாக வைத்திருப்பவரிடம் நிலத்தைப் பொதுவாக்கும் பேச்சு எடுபடாது. இங்கு வேர்பிடித்தது கூட்டுறவு. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது; 1965இல் இண்ட்கோசர்வ் இணையம் உருவானது. அதன் 16 தொழிற்சாலைகளில் இத்தலாரும் ஒன்று. நிலம் அவரவருடையது, தொழிற்சாலை எல்லோருடையது. யாரையும் ஒழிக்காமல் நடந்த பகிர்வு என்பதால் இது நமக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

ஆனாலும் பொதுவுடைமை இத்தலாரை எட்டாமல் இல்லை. கொடியாக வரவில்லை, விலையாக வந்தது! நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கியது சோவியத் நாடு. டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே வணிகம். தரம் பற்றியும் அதிகக் கேள்வி இல்லை. செபமாலை சொல்லி, ரஷ்யா மனந்திரும்ப வேண்டுமென்று மன்றாடிய வீடுகளிலும் அந்த ரஷ்யா கொடுத்த விலையில்தான் அடுப்பு எரிந்தது. (இதை நாம் அன்று உணரவில்லை.) 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியது. நாம் மகிழ்ந்தோம். அந்த வணிகமும் உடன் போயிற்று. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. தரத்துக்குப் பழகாத மலை, தரம் கேட்கும் சந்தையில் நின்று தவித்தது. பலர் பிழைப்புக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினர்.

 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதியில் விவசாயிகள் உண்ணாநிலை இருந்தனர். யாருடைய நிலத்தையும் அவர்கள் கேட்கவில்லை. பறித்த இலைக்குக் கட்டுபடியாகும் விலையைத்தான் கேட்டனர்.