'ஃப்ரூயிஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் எண்ணம் ஈடேறுதலைக் குறிக்கும் தமிழ் வினைகளும்

ஆய்வுச் சுருக்கம்

திட்டமும் நம்பிக்கையும் நிறைவெய்துவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'கம் டு ஃப்ரூயிஷன்' என்னும் மரபுத்தொடர் பெருவழக்காக உள்ளது. இத்தொடரைத் தமிழில் பெயர்ப்போர் நிறைவேறுதல், ஈடேறுதல், கைகூடுதல், பலித்தல், கனிதல், நனவாதல் முதலிய வினைகளுள் ஒன்றை வேறுபாடு கருதாமல் கையாள்கின்றனர். இவ்வினைகள் ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொன்றும் செயலைச் செய்தவர் யார், செயல் எந்நிலையில் உள்ளது, அதன் பயனைத் துய்த்தவர் யார் என்பவை குறித்து வெவ்வேறு செய்தியைத் தருகிறது. ஆங்கிலத் தொடரின் சொல்வரலாற்றையும் தமிழ் வினைகளின் பொருள் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. முல்லைப் பெரியாறு அணையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு சொல்தேர்வின் விளைவுகளையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், மொழிபெயர்ப்பு, சொற்பொருண்மை, தன்வினை, பிறவினை, பயன்

முன்னுரை

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாகாது என்பது மொழிபெயர்ப்பு மாணவர் முதலில் கற்கும் பாடம். ஆயின் பெறுமொழியில் நிகரான தொடர்கள் பல இருக்கும்போது எதனைத் தேர்வது என்னும் வினாவிற்குப் பாடநூல்கள் போதிய விடை தருவதில்லை. அகராதிகளும் நிகரான சொற்களைக் காற்புள்ளியிட்டு வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. காற்புள்ளிக்கு இருபுறமும் உள்ள சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாகும் என்ற எண்ணம் இதனால் உண்டாகிறது. வரலாற்று நூல்களையும் அரசு அறிக்கைகளையும் தமிழாக்கும்போது இவ்வெண்ணம் பிழையான செய்திக்கே இடம் தந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு

'ஃப்ரூயிஷன்' என்பதைக் கேட்டவுடன் ஆங்கிலம் அறிந்தோர்க்குப் 'ஃப்ரூட்' என்னும் பழச்சொல் நினைவிற்கு வரும். 'கனிந்து முடிதல்' என்பதே அதன் மூலப்பொருள் எனக் கொள்வதும் இயல்பு. சொல்வரலாறு வேறு. இச்சொல் துய்த்தல், நுகர்ந்து இன்புறுதல் என்னும் பொருளுடைய 'ஃப்ரூயி' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இடைக்கால ஆங்கிலத்தை அடைந்தது.

இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையில் இதற்குச் சிறப்பான இடம் உண்டு. புனித அகுஸ்தீன் தமது 'கிறித்தவப் போதனை' குறித்த நூலில் பயன்படுத்துவதையும் துய்ப்பதையும் வேறுபடுத்தினார். உலகப் பொருள்கள் பயன்படுத்தத்தக்கவை. இறைவனே துய்க்கத்தக்கவன் என்பது அவர் கொள்கை. இறைவனைத் துய்க்கும் பேரின்பத்தைக் குறிக்கவே இச்சொல்லின் இலத்தீன் வடிவம் இறையியலில் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டோபர் மார்லோ தமது 'தம்பர்லேன்' நாடகத்தில் அரசமுடியைத் துய்த்தல் என்னும் பொருளில் இதனை ஆண்டார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும், 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதியும் துய்த்தல் என்னும் பொருளையே தருகின்றன.

'திட்டம் நிறைவேறுதல்' என்னும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. ஒலி ஒப்புமையால் பழச்சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்திய மக்கள் வழக்கே இம்மாற்றத்திற்குக் காரணம். எனினும் அம்மக்கள் வழக்கு முற்றிலும் தவறெனத் தள்ளத்தக்கதன்று. பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'ஃப்ரூக்டுஸ்' என்னும் இலத்தீன் வடிவத்தின் வழியாக அதே 'ஃப்ரூயி' வினையிலிருந்து வந்ததே. நிலமும் மரமும் தருவதில் துய்ப்பதற்குரியது எதுவோ அதுவே பழம் எனப்பட்டது. ஆகவே பிரிந்து சென்ற இரு கிளைகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் இணைந்தன எனலாம்.

இவ்வாறு முதிர்தல், முடிதல், துய்த்தல் என்னும் மூன்று கூறுகள் ஒரே ஆங்கிலச் சொல்லில் பிணைந்துள்ளன. தமிழ் இம்மூன்றையும் தனித்தனி வினைகளால் உணர்த்துகிறது. மொழிபெயர்ப்புச் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

தமிழில் பழமும் பயனும்

பழத்தை வெற்றிக்கு உவமையாக்குவது தமிழுக்குப் புதிதன்று. ஒரு செயலை மேற்கொண்டு சென்று திரும்பியவரிடம் "காயா, பழமா?" என்று வினவுவது இன்றும் உள்ள வழக்கு. காய் தோல்வியையும் பழம் வெற்றியையும் குறிக்கும். சிறுவர் நட்பு முறிவைக் 'காய் விடுதல்' என்றும் மீண்டும் இணைவதைப் 'பழம் விடுதல்' என்றும் கூறுவர்.

எனினும் பழுத்தல் மட்டுமே பயனாகிவிடாது என்னும் தெளிவு தமிழ்ச் சிந்தனையில் உண்டு. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம், பிறர்க்கு உதவும் பண்புடையவனின் செல்வத்தை ஊருக்குள் பழுத்த பயன்தரும் மரத்தோடு ஒப்பிடுகிறது (குறள் 216). நன்றியில்செல்வம் என்னும் அதிகாரமோ யாராலும் விரும்பப்படாதவனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த நச்சுமரத்தோடு ஒப்பிடுகிறது (குறள் 1008). இரண்டும் பழுத்த மரங்களே. இரண்டும் ஊருக்குள் நிற்பவையே. துய்க்க இயலுமா, இயலாதா என்பதே வேறுபாடு. முதிர்ச்சியையும் பயனையும் வள்ளுவர் இங்கு வேறாகவே காண்கிறார்.

சட்டத் தமிழிலும் இவ்வேறுபாடு நிலவுகிறது. கடன் கொடுத்தவர் அடமானச் சொத்தைத் தம் வசம் வைத்து அதன் விளைவைத் துய்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 'போக்கியம்' என்றும் 'ஒத்தி' என்றும் வழங்குவர். போக்கியம் என்பது துய்த்தற்குரியது என்னும் பொருளுடைய வடசொல். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இவ்வகை அடமானத்திற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரும் 'ஃப்ரூக்டுஸ்' என்னும் இலத்தீன் சொல்லைத் தன்னுள் கொண்டதே. 'ஃப்ரூயிஷன்' இழந்துவிட்ட பழம்பொருள் சட்டச் சொல்லில் இன்றும் உயிருடன் உள்ளது.

தமிழ் வினைகளின் பொருள் எல்லைகள்

அ) நிறைவேறுதல்: முன்னரே வரையறுத்த ஒன்று முழுமை பெறுவதை இது குறிக்கும். தீர்மானம், திட்டம், வாக்குறுதி, வேண்டுதல் ஆகியவற்றோடு இயல்பாக வரும். 'நிறைவேற்றுதல்' என்னும் பிறவினை இதற்கு உண்டு. ஆகவே செய்தவர் யார் என்பதை விரும்பும்போது வெளிப்படையாகக் கூற இயலும்.

ஆ) ஈடேறுதல்: எண்ணம், ஆசை, நோக்கம் ஆகியவற்றோடு வருவது. உயிர் உய்தி பெறுதல் என்னும் சமயப் பொருளும் இதற்கு உண்டு. 'ஆன்ம ஈடேற்றம்' என்னும் தொடரைக் கிறித்தவத் தமிழில் காணலாம். சமயப் பொருளும் உலகியல் பொருளும் ஒருங்கே அமைந்த நிலையில், ஆங்கிலச் சொல்லின் வரலாற்றோடு மிக நெருங்கி நிற்கும் தமிழ் வினை இதுவே.

இ) கைகூடுதல்: முயற்சியோடு சூழலும் ஒத்துவந்து அமைவதைக் குறிக்கும். 'திருமணம் கைகூடியது', 'நெடுநாள் விருப்பம் கைகூடியது' என்பன வழக்கு. ஒருவரின் முயற்சியால் மட்டும் முடியாதவற்றுக்கே இது பொருந்தும்.

ஈ) பலித்தல்: பலன் என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. வாக்கு, சாபம், சோதிடம், கனவு ஆகியன பலிக்கும். இங்கு மனித முயற்சிக்கு இடமில்லை. முன்கூட்டிச் சொல்லப்பட்டதோ காணப்பட்டதோ தானே நிகழ்கிறது. முயற்சியோடு சேர்த்து வழங்கும்போது சூழ்ச்சி என்னும் சாயல் ஏறிவிடுகிறது. 'உன் தந்திரம் இங்கே பலிக்காது' என்பது இயல்பான தமிழ். ஒரு நலத்திட்டத்தைப் பற்றித் 'திட்டம் பலித்தது' என எழுதினால் வாசகர்க்கு உள்நோக்கம் குறித்த ஐயமே எழும்.

உ) கனவு நனவாதல்: கனவு என்னும் சொல்லுக்கு இலட்சியம் என்ற பொருள் இன்று வலுப்பெற்றுள்ளது. பழைய இலக்கியத்தில் கனவு பெரிதும் உறக்கத்தில் காண்பதே. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி காணும் கனவும், வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி காணும் கனவும் தீக்கனவுகள். இரண்டும் பின்னர் உண்மையாகின்றன. இவற்றைக் 'கனவு பலித்தது' எனலாம். 'கனவு நனவாகியது' என இன்றைய வழக்கில் கூற இயலாது. பின்னைய தொடர் விரும்பியது கிட்டுதலை மட்டுமே குறிக்கிறது.

ஊ) கனிதல்: 'காலம் கனிந்தது' என்பது செயல் முடிந்தது எனப் பொருள்படாது, செயலைத் தொடங்குதற்குரிய வேளை வந்தது என்றே பொருள்படும். ஆங்கிலத் தொடரில் உள்ள பழ உவமையைக் காக்க விரும்பித் 'திட்டம் கனிந்தது' எனப் பெயர்த்தால், முடிந்துபோன செயல் இனிமேல்தான் தொடங்கவுள்ளது என்னும் எதிர்ப்பொருள் தோன்றிவிடும்.

எழுவாயாக நிற்பது எது?

ஆங்கிலத் தொடரில் திட்டமே எழுவாய். திட்டம் தானே வளர்ந்து தானே முடிந்தது போன்ற தோற்றத்தை இவ்வமைப்பு தருகிறது. செய்தவரைச் சுட்ட வேண்டுமாயின் 'பிரிங் டு ஃப்ரூயிஷன்' என வேறு வினையை நாடவேண்டும். தமிழில் நிறைவேறு–நிறைவேற்று, ஈடேறு–ஈடேற்று, நனவாகு–நனவாக்கு என இணைகள் அருகருகே உள்ளன. கைகூடு, பலி ஆகியவற்றுக்கு இன்றைய வழக்கில் அத்தகைய இணைகள் இல்லை. மனித முயற்சி மட்டும் போதாத இடங்களுக்கு உரிய வினைகளே இணையின்றி நிற்கின்றன என்பது கருதத்தக்கது.

வினைத்திட்பம் அதிகாரத்தில், மனவுறுதி உடையோர் தாம் கருதியவற்றைக் கருதியவாறே அடைவர் என்னும் கருத்து அமைந்துள்ளது (குறள் 666). அங்கு எழுவாய் எண்ணம் அன்று, எண்ணியவரே. எண்ணத்தைத் தனித்து இயங்கும் பொருளாகக் காணாமல் அதனை உடையவரின் உறுதியோடு பிணைத்துக் காணும் பார்வை இது.

ஒரு வரலாற்றுச் சான்று

மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்று நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் எண்ணம் 1789இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பபிள்ளையிடம் தோன்றியது. செலவு மிகுதியால் அது கைவிடப்பட்டது. 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் முடிவுற்றது.

இவ்வரலாறு முழுவதையும் 'திட்டம் ஃப்ரூயிஷன் அடைந்தது' என ஆங்கிலத்தில் ஒரே தொடரில் முடித்துவிடலாம். தமிழில் எழுதுவோர் நிலைகளைப் பிரித்தாக வேண்டும். 1789இன் எண்ணம் அன்று கைகூடவில்லை. 1886இல் காலம் கனிந்தது. 1887இல் திட்டம் செயல்வடிவம் பெற்றது. 1895இல் அது நிறைவேறியது. வைகைப் பாசன நிலங்களுக்கு நீர் சென்றபோது பயன் தந்தது. இவற்றுள் ஒரு வினையை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் ஆண்டும் நிகழ்வும் பொருந்தா.

'முத்திருளப்பபிள்ளையின் கனவு நனவாகியது' என எழுதினால் நூறாண்டுத் தொடர்ச்சி வெளிப்படும். பென்னிகுவிக்கின் பங்கு மறையும். 'பென்னிகுவிக் திட்டத்தை நிறைவேற்றினார்' என எழுதினால் அவர் பங்கு தெளிவாகும். காட்டில் நோயாலும் விபத்தாலும் உயிரிழந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர் மறைவர். 'அணை பலரது உழைப்பாலும் உயிர்க்கொடையாலும் நிறைவேறியது' என எழுதும்போது அவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. மூன்று தொடர்களும் இலக்கணப் பிழையற்றவை. எதனைத் தேர்வது என்பது வரலாற்றை யார் பக்கம் நின்று கூறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய மூன்று வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறை வழியொன்றை வகுக்கலாம். முதலாவது, மூலத்தில் கூறப்படும் செயல் மனித முயற்சியால் ஆனதா, சூழலும் கூடி அமைந்ததா, தானே நிகழ்ந்ததா? இதற்கேற்ப நிறைவேறுதல், கைகூடுதல், பலித்தல் ஆகியவற்றுள் ஒன்று பொருந்தும். இரண்டாவது, செயல் எந்நிலையில் உள்ளது? தொடங்கும் வேளையாயின் 'காலம் கனிதல்', நடைமுறைக்கு வந்த நிலையாயின் 'செயல்வடிவம் பெறுதல்', முடிந்த நிலையாயின் 'நிறைவேறுதல்' உரியவை. மூன்றாவது, பயன் துய்க்கப்பட்டதா? துய்க்கப்பட்டது என மூலம் கூறினாலன்றிப் 'பயன் தந்தது' என எழுதலாகாது. கட்டி முடிக்கப்பட்டும் திறக்கப்படாத மருத்துவமனை நிறைவேறிய திட்டமே. பயன் தந்த திட்டம் அன்று.

முடிவுரை

ஆங்கிலச் சொல் துய்த்தலில் தொடங்கி முடிதலில் வந்து நின்றது. அவ்வழியில் துய்ப்போர் அதன் பொருளிலிருந்து விலகிவிட்டனர். முடிதலையும் துய்த்தலையும் வேறு சொற்களால் காத்துவரும் தமிழ், மொழிபெயர்ப்பாளர்க்குச் சுமையாகத் தோன்றலாம். உண்மையில் அது அவர்க்கு வாய்த்த வசதியே. அறிக்கைகளில் 'திட்டம் நிறைவேறியது' என்னும் தொடரைக் காணும்போது, அதன் பயன் யாருக்குச் சென்றது என்று கேட்பதற்குரிய தனிச்சொல்லைத் தமிழ் தன்னிடத்தே வைத்துள்ளது. அகராதி தொகுப்போர் நிகர்ச்சொற்களை வரிசைப்படுத்துவதோடு நில்லாமல் அவற்றின் வழக்கு எல்லைகளையும் குறிப்பாராயின், கற்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் அது பெரிதும் துணைபுரியும்.