தனியறையில் கேட்கிறது... கல்யாண வீட்டில் ஏன் கேட்பதில்லை?

"ஆபரேஷன் பண்ணி மெஷினும் வெச்சாச்சு. வீட்ல கூப்பிட்டா உடனே திரும்பறான். ஸ்கூல்ல மட்டும் எதையும் காதுல வாங்க மாட்டேங்கறானாம். வேணும்னே பண்றானா டாக்டர்?"

உத்திரமேரூர் பக்கம் என்னிடம் வருகிற தாய்மார்களில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். 'காக்ளியர் இம்ப்ளான்ட்' பொருத்திய பிள்ளைகளின் அம்மாக்கள் அவர்கள். அவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: வேண்டுமென்றே இல்லை அம்மா, பிள்ளையை அடிக்காதீர்கள்.

நம் உட்செவி நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கிறது. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்ல அதில் சுமார் 3,500 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவை பழுதானால், நரம்பையே மின்சாரத்தால் தூண்டுவதுதான் இம்ப்ளான்ட். பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிரேம் கிளார்க் என்ற டாக்டர் ஒருவருக்குப் பொருத்தினார். இன்றைய கருவிகளிலும் மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். போதாததற்கு உட்செவித் திரவத்தில் மின்சாரம் பரவி, பக்கத்து முனையின் வேலையோடு கலந்துவிடுகிறது.

மார்கழியில் நூறு புள்ளி வைத்துப் போட வேண்டிய கோலத்தைப் பத்துப் புள்ளியில் போட்டால் எப்படி இருக்கும்? பழகிய கண் 'இது தேர்க்கோலம்' என்று கண்டுபிடித்துவிடும். அமைதியான அறையில் மூளை செய்வது அதைத்தான். அதே கோலத்தின் மேல் இன்னொருத்தி நாலு கை மாவைத் தூவிவிட்டால்? அதுதான் வகுப்பறை; அதுதான் கல்யாண மண்டபம். நல்ல காதுக்கு, இரைச்சல் பேச்சைவிடச் சற்று உரக்க இருந்தாலும் பாதியாவது புரியும். இம்ப்ளான்ட் காதுக்குப் பேச்சு இரைச்சலைவிடப் பல டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆகவே அமைதியான அறையில் எடுத்த மார்க்கை வைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அங்கே ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேர், இரைச்சலில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவார்கள்.

யாருக்கு நன்றாகப் புரியும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். பிறவிச் செவிடு என்றால் எந்த வயதில் பொருத்தினார்கள் என்பது முக்கியம். பெரியவர்கள் என்றால் எத்தனை வருஷம் கேட்காமல் இருந்தார்கள் என்று பார்ப்பார்கள். மின்முனை உட்கார்ந்த இடம், உயிரோடிருக்கும் நரம்பு இழைகள், ஞாபகசக்தி, மொழிப் பழக்கம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மறு காதில் கட்டைக் குரல்கள் கொஞ்சம் கேட்டாலும் அங்கே சாதாரணக் காது மெஷின் போடுவது பெரும்பாலும் உதவும். பேசுவது ஆணா பெண்ணா என்று பிரித்தறியக் கை கொடுக்கும். ஆனால் இத்தனையையும் கூட்டிக் கணக்குப் போட்டாலும், உங்கள் பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 'நூற்றுக்கு நூறு கேட்கும்' என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஒரு சித்த மருத்துவனாக இதையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன மயிரிழைச் செல்லை எந்தத் தைலமும் எழுப்பாது. காதில் எண்ணெய் விட்டுக்கொண்டே வருஷத்தை ஓட்டினால், வயது என்ற பெரிய மூலதனம் கரைந்துவிடும். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. ஆறு வரைக்கும் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒன்றிரண்டு வயதிலேயே செய்தால் பேச்சு நன்றாக வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் குழந்தை பிறந்த உடனேயே செவிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மெஷின் வைத்த பிள்ளையை முதல் பெஞ்சில், ஜன்னலோரத்து ரோட்டுச் சத்தத்துக்கு எட்டத்தில் உட்கார வையுங்கள். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல், முகம் தெரியப் பேச வேண்டும். டீச்சர் சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று இருக்கிறது. குரலை நேரே கருவிக்கு அனுப்பும். வகுப்பு இரைச்சலுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. வீட்டில் மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து கத்தாதீர்கள், கிட்டே போய்ப் பேசுங்கள். அடுத்த முறை 'மேப்பிங்' செய்யப் போகும்போது, "இரைச்சலோடும் வெச்சுப் பாருங்க மேடம், அதுக்குத் தனியா புரோகிராம் போட்டுக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.