கணக்குக் காட்டாத புரதம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடத்தையும் ஓலையையும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து (919, 921) அங்குள்ள கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது, யார் வாரியத்துக்கு வரக்கூடாது என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. (நிலமும் வேதப் படிப்பும் உள்ள அந்தணர் சபையின் விதி இது. ஊரே கூடி நடத்திய தேர்தல் என்று மேடையில் சொல்வது மிகை.)

நம் செல்லுக்குள்ளும் இப்படித் தள்ளிவைக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது.

செல்லின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பைக்குள் நுழைகிறது. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அங்கே மடிந்து உருவம் பெறுகிறது. எந்தக் கோணத்தில் அது திரும்பலாம், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-இல் வரைபடமாகவே காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் குழு. ஆனாலும் மடிப்பு பிசகும்.

பிசகிய சரக்கு பைக்குள்ளே. அதை அறுக்கும் எந்திரமான புரோட்டியசோம் வெளியே. ஆகவே நிலைப்படியில் நிற்பவர்தான் இரண்டு பக்கமும் பார்க்கமுடியும். சவ்வில் பதிந்த புரதங்களின் வேலை அதுதான். ஐஆர்இ1 உள்ளே கோணல் புரதம் குவிவதை உணர்ந்து, வெளியே நீண்டிருக்கும் தன் பகுதியால் தகவல் கிளப்பும். மடிக்க உதவும் புரதங்கள் கூடுதலாகத் தயாராகும். எச்ஆர்டி1 கோணலானதை வெளியே எடுக்க வழிவிட்டு, யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை முத்திரையாக ஒட்டும். முத்திரை விழுந்தது புரோட்டியசோமில் துண்டாகும். இந்த முத்திரை முறையைக் கண்டறிந்த சிஸ்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

காவல் கறாராக இருப்பதிலும் சங்கடம் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் பலரிடம், குளோரைடு அயனியை வெளியேற்றும் சிஎஃப்டிஆர் என்ற புரதத்தின் 1,480 அமினோ அமிலங்களில் 508-ஆவது ஒன்று மட்டும் இல்லை. மடிப்பு தளர்கிறது, வலையின் காவலர்கள் அநேகமாக எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். நுரையீரலில் சளி கெட்டிப்படுகிறது. ஆய்வகத்தில் செல்களைக் குளிரவைத்தபோது அதே புரதம் தப்பித்து வெளிச்சவ்வுக்குப் போய் ஓரளவு வேலையும் செய்தது. அதாவது, தள்ளப்பட்டது முழுக்க உதவாக்கரை இல்லை.

இந்த நோய்க்கு 2019-இல் அமெரிக்கா அனுமதித்த கூட்டு மருந்தில் மூன்று மூலக்கூறுகள். இரண்டு, புரதம் சரியாக மடியக் கைகொடுக்கின்றன; மூன்றாவது, புரதம் செல்லின் வெளிச்சவ்வை எட்டிய பிறகு அதன் கதவைத் திறந்துவைக்கிறது. காவலர்களை மருந்து கலைக்கவில்லை. அவர்கள் முன்னால் நிற்கும் தகுதியைப் புரதத்துக்குக் கொடுக்கிறது.