சுரப்பில் கால்சியம் சார்ந்த சவ்வுப் பிணைப்புப் புரதங்கள்

கால்சியம் சார்ந்த சவ்வுப் பிணைப்புப் புரதங்கள் என்பன, உயிரணுவினுள் கால்சியம் அயனிகளின் செறிவு உயரும்போது கொழுப்புச் சவ்வுகளுடன் பிணையும் புரதங்கள் ஆகும். இவற்றுள் அனெக்சின்களும் சினாப்டோடாக்மின்களும் நன்கு ஆராயப்பட்டவை. உயிரணு தான் உருவாக்கிய பொருளை வெளியே விடும் நிகழ்வாகிய சுரப்பில் இவை பங்கேற்கின்றன.

சுரப்பு நிகழும் முறை

வெளியே அனுப்பப்பட வேண்டிய புரதங்கள் கோல்கி உறுப்பில் பக்குவப்பட்டு, சவ்வால் ஆன நுண்பைகளில் அடைக்கப்படுகின்றன. நுண்பையின் சவ்வு உயிரணுவின் வெளிச்சவ்வுடன் இணையும்போது உள்ளிருக்கும் பொருள் வெளியேறுகிறது. இரு சவ்வுகளும் எதிர்மின் தன்மையால் ஒன்றையொன்று விலக்குவதால், அவை தாமாக இணைவதில்லை. அவற்றை நெருக்கி இணைக்கும் வேலையைச் சினேர் எனப்படும் புரதங்கள் செய்கின்றன. நரம்பணு போன்றவற்றில் எப்போது இணைய வேண்டும் என்பதை முடிவு செய்வது கால்சியம் ஆகும்.

கீழவைப்பார் கரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடி மாவட்டத்தின் கீழவைப்பார், முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது. தூத்துக்குடிப் பார்களில் தொடர்ச்சியாக நடந்த கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரையிலானவை. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியே முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் முத்து ஒரு சுரப்புப் பொருள்.

இதனைத் தெளிவாகக் காட்டியது செயற்கை முத்து வளர்ப்பு. கீழவைப்பாருக்குத் தெற்கே உள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சுவாமி 1973இல் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். இம்முறையில், சிப்பி ஓட்டிலிருந்து செய்த மணியுடன், வேறொரு சிப்பியின் போர்வைத் திசுவிலிருந்து (மேன்டில்) வெட்டிய சிறு துண்டும் உள்ளே வைக்கப்படுகிறது. அத்துண்டின் புறத்தோல் அணுக்கள் பெருகி மணியைச் சுற்றி முத்துப்பை ஆகின்றன. துண்டு இல்லாமல் மணி மட்டும் வைத்தால் முத்து உருவாவதில்லை. மணி வெறும் மணியாகவே இருக்கும், அல்லது சிப்பியால் வெளித்தள்ளப்படும்.

முத்துப்பை அணுக்கள் சுரக்கும் புரதங்களுள் நேக்ரின் (1996), பிஃப் (2009) ஆகியன பிங்டாடா ஃபியூகாட்டா இனச் சிப்பியில் கண்டறியப்பட்டவை. கால்சியம் கார்பனேட்டின் அரகோனைட்டுத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிவதற்கு இவை துணைபுரிகின்றன.

இங்கே மாணவர் குழம்பக்கூடிய ஓர் இடம் உண்டு. சிப்பிக்குக் கால்சியம் இரு வகையில் தேவைப்படுகிறது. ஒன்று கட்டுமானப் பொருளாக. அது பேரளவில் கடல்நீரிலிருந்து வருகிறது. மற்றொன்று உயிரணுவினுள் சைகையாக. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. ஓய்வில் உள்ள விலங்கு உயிரணுவின் உட்பாய்மத்தில் தனித்துள்ள கால்சியமோ இதில் ஏறத்தாழ ஓர் இலட்சத்தில் ஒரு பங்கே. இவ்வளவு குறைவாக வைத்திருப்பதால்தான் சிறிதளவு உள்ளே வந்தாலும் அது சைகையாகிறது.

அனெக்சின்கள்

1978இல் கிரூட்சு, பாசோலசு, பொல்லார்டு ஆகியோர் மாட்டின் அண்ணீரகச் சுரப்பி நடுப்பகுதியிலிருந்து சினெக்சின் என்ற புரதத்தைப் பிரித்தனர். கால்சியம் சேர்த்தபோது அது சுரப்பு நுண்பைகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்தது. இன்று அது அனெக்சின் ஏ7 எனப்படுகிறது. மனிதரில் 12 அனெக்சின்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் மையப்பகுதியில், ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட அமைப்பு நான்கு முறை திரும்ப வருகிறது. ஏ6இல் மட்டும் எட்டு முறை. அப்பகுதியின் குவிந்த பக்கம் கால்சியத்தின் வழியாக எதிர்மின் பாசுபோலிப்பிடுகளுடன் பிணைகிறது. கால்சியத்தை அகற்றினால் பிணைப்பு விடுபடும்.

அனெக்சினே சுரப்பைத் தூண்டும் விசை என ஒரு காலத்தில் கருதப்பட்டது. ஆனால் சினெக்சினுக்குத் தேவைப்பட்ட கால்சியம், உயிரணுவினுள் வழக்கமாகக் காணப்படுவதைவிட மிக அதிகம். எனவே அக்கருத்து வலுவிழந்தது. அனெக்சின் ஏ2 இதற்கு ஒரு விலக்கு. எசு100ஏ10 என்ற புரதத்துடன் சேர்ந்து, குறைந்த செறிவிலேயே இரு சவ்வுகளுக்கிடையே பாலம் அமைக்க வல்லது. குருத்தெலும்பு சுண்ணமாகும் இடங்களில் உள்ள நுண்பைகளிலும் அனெக்சின்கள் காணப்படுகின்றன. இம்முடிவை அப்படியே முத்துச்சிப்பிக்குப் பொருத்துவது சரியாகாது. முத்தின் தகடுகள் உருவாகும் முறை வேறானது.

சினாப்டோடாக்மின்

நரம்பணுவில் விரைவான சுரப்புக்கு முதன்மை உணரி சினாப்டோடாக்மின் 1 ஆகும். இது நுண்பையின் சவ்விலேயே பதிந்திருப்பது. கால்சியம் வந்ததும் இதன் இரு சி2 பகுதிகள் வெளிச்சவ்வைப் பற்றுகின்றன. இப்புரதம் இல்லாத சுண்டெலிகளில், தூண்டலுடன் ஒத்திசைந்த விரைவான சுரப்பு அற்றுப்போவது 1994இல் காட்டப்பட்டது. இதனை ஆராய்ந்த தாமசு சூதோஃப், ரோத்மன், செக்மன் ஆகியோருடன் 2013இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.