கலர் எதுக்கு? கட்டை நல்லா இருந்தா போதும்!

வீட்டில் இரண்டு, மூன்று வயதில் பிள்ளை வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். பொம்மைக் கடைக்குப் போனால் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகளைக் கலர் கலராகப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஏ.பி.சி.டி. எழுதினது, யானை, குதிரை படம் ஒட்டினது என்று விதவிதமாக இருக்கிறது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. என்னைக் கேட்டால் எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம். வெறும் கட்டை போதும். ஆனால் அளவும் மரமும் சரியாக இருக்கணும்.

அளவு எதற்கு என்கிறீர்களா? ஜெர்மனியில் 1837-ல் குழந்தைகளுக்காகத் தனிப் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல் என்பவர், மரக்கன சதுரங்களைத்தான் பிள்ளைகள் கையில் கொடுத்தார். பின்னால் 1914-ல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் என்ற அம்மா ஒரு கணக்கு வைத்தார். கனம் ஒரு பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு, நீளம் நாலு பங்கு. அதாவது பாதிக் கட்டை இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு முழுக் கட்டை. என் சின்னவள் ஏரிக்கரை கட்டும்போது முழுக் கட்டை தீர்ந்துபோனால் இரண்டு பாதிக் கட்டையை வைத்து ஒப்பேற்றுகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. கோணலாக அறுத்த கட்டையில் இது வராது. அடுக்கினால் சரிந்துவிடும், பிள்ளை நாலு தரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும்.

நான் கடையில் வாங்கவில்லை, ஆசாரியிடம் செய்தேன். நிலை, கதவு செய்யும் இடத்தில் துண்டு மரம் நிறைய மிஞ்சும். ஒன்றரை அங்குல கனம், 3 அங்குல அகலம், 6 அங்குல நீளத்தில் 12 கட்டை. அதில் பாதி நீளத்தில் 12. இதற்கு மேல் நீளம் வேண்டாம், காலில் போட்டுக்கொள்ளும். பூவரசு, வேம்பு, மா எதுவானாலும் சரி, நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கணும். முனையை மழுங்கச் சீவி, உப்புத்தாள் போட்டு, உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். சிலாம்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கட்டையை ரொம்பப் பொடியாகவும் அறுக்கச் சொல்லாதீர்கள். மூன்று வயதுக்குள் எதையும் வாயில்தான் வைக்கும். 3 சென்டிமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழைகிற எந்தச் சாமானும் அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லணும். சேதராப்பட்டில் சுற்றிலும் தொழிற்சாலைகள். மெஷின் இறங்கின பேலட் மரத்தைப் பல வீடுகளில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா, "சும்மா கிடைக்கிற மரம், இதிலேயே பாப்பாவுக்குக் கட்டை அறுத்துடலாம் இல்ல?" என்று கேட்டார். வெளிநாட்டுக்குப் போய்வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதன் பக்கத்தில் எச்.டி. என்று இருந்தால் மரத்தைச் சூடு காட்டிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. நாங்கள் திருப்பிப் பார்த்தோம், எம்.பி.! அக்கா அப்படியே கீழே போட்டுவிட்டார். எச்.டி. என்று இருந்தாலும் அதன் மேல் என்ன ஆயில், என்ன மருந்து கொட்டியது என்று யார் கண்டது? பிள்ளை வாயில் வைக்கிற சாமானுக்கு அந்த மரமே வேண்டாம்.

கலருக்கு வருகிறேன். பெயின்டில் ஈயம் இருந்தால் அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பார்வைக்கும் தெரியாது, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாலும் தெரியாது. வீட்டில் மிஞ்சின பழைய டப்பா பெயின்டை மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்தக் கால மரப்பாச்சிக்கு யார் பெயின்ட் அடித்தார்கள்? கடையில் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. சென்னப்பட்டணா பொம்மைக்கு அரக்குச் சாயம்தான் ஏற்றுகிறார்கள், அழகாக இருக்கும். ஆனால் அது கடைசல் வேலை. கிலுகிலுப்பை, வளையம் என்று உருண்டைச் சாமான்தான் வரும், சதுரக் கட்டைக்கு ஆகாது.

என் மாமியார் முதலில், "பணம் குடுத்து விறகா வாங்கினே?" என்றார். இப்போது பேத்தியோடு உட்கார்ந்து கோபுரம் கட்டுகிறார், அவர் கட்டியதைத் தட்டிவிட்டால் கோபம் வேறு! தட்டிவிடட்டும், விடுங்கள். எது விழும், எது நிற்கும் என்று பிள்ளை பார்ப்பதே அதில்தான்.

கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், உப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடின டப்பாவில் வைத்தால் பூசணம் பிடிக்கும். நான் பழைய துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, சேதராப்பட்டு